1939 அயர்ன் கிராஸ் முதல் வகுப்பு: போர்க்காலத்ததா, பின்னால் செய்ததா? உதவி தேவை

பித்தளைப்பித்தன்:
வணக்கம். ஜெர்மனியின் போர்ப் பதக்கமான 1939 அயர்ன் கிராஸ் முதல் வகுப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அகலம் 42.9 மி.மீ., எடை 21.4 கிராம். காந்தம் ஒட்டுகிறது. பின்பக்கம் ஊக்குக்கு அடியில் எல்/58 என்று பொறித்திருக்கிறது. ஆனால் இந்தப் பதக்கம் முதலில் உருவான 1813 என்ற ஆண்டு இல்லை, அதுதான் உறுத்துகிறது. எல்/58 வியன்னா தயாரிப்பு, அசலேதான் என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

லென்ஸ்கண்ணன்:
1813 இல்லாதது குறையே இல்லை. ரிப்பனில் தொங்கும் இரண்டாம் வகுப்பிலும், இதே பதக்கத்தின் உயர்நிலையான நைட்ஸ் கிராஸிலும்தான் அது வரும். முதல் வகுப்பின் முதுகு வெறுமையாகத்தான் இருக்கும்.

நடுவில் ஸ்வஸ்திகாவா, ஓக் இலையா? ஓக் இலை என்றால், ஸ்வஸ்திகா இல்லாமல் அணிய அனுமதித்த 1957 சட்டப்படி மேற்கு ஜெர்மனியில் செய்த மறுபதிப்பு. அது போலி இல்லை, போர்க்காலத்ததும் இல்லை.

காந்தத்தை எங்கே வைத்தீர்கள்? ஊக்கு சிலுவையின் மேல் கையிலிருந்து கீழ்க் கை வரை நெட்டாக ஓடுகிறது. அது எஃகாக இருந்தால், நடுவில் வைத்த காந்தம் ஊக்கைத்தான் பிடிக்கும். சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டி, முன்பக்கமாக இடது, வலது கைகளின் ஓரத்தில் தொங்கவிடுங்கள். அங்கே இழுத்தால்தான் நடுத்தகடு இரும்பு.

அடுத்து விளிம்பு. அசல் மூன்று துண்டு: கறுப்படித்த இரும்புத் தகடு, அதைப் பிடித்திருக்கும் வெள்ளிநிறச் சட்டம், முதுகுத் தகடு. சட்டத்தையும் முதுகையும் சுற்றிலும் பற்றவைத்திருப்பார்கள். அரத்தால் மழுப்பியிருந்தாலும், 10 மடங்கு லென்ஸில் விளிம்பைச் சாய்த்துத் திருப்பினால் மூட்டுக்கோடு எங்காவது தெரிந்துவிடும். முதலில் கைகள் சேரும் உள்மூலைகளைப் பாருங்கள். ஒரே வார்ப்பில் அது இருக்காது.

பூச்சையும் விடாதீர்கள். தகட்டுக்குக் கறுப்படித்த பிறகே சட்டத்துக்குள் அடைத்தார்கள், அதனால் கறுப்பு சட்டத்தின் அடியில் போய் மறையும். சட்டத்தின் மணிவரிகள் மேல் ஏறி வழிந்திருந்தால் பின்னால் அடித்த பெயின்ட். பழசுக்கு யாராவது மறுபூச்சு கொடுத்திருக்கவும் கூடும், அதனால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

துருப்பிடித்தவன்:
எல்/58 வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவன எண், அது சரி. சிக்கலும் அங்கேதான். போர் முடிந்த பிறகும் சேகரிப்பாளர்களுக்காக ஸ்வஸ்திகாவோடு பதக்கம் அடித்த நிறுவனம் அது. பழைய அச்சிலேயே அடித்தால் முகம் அப்படியே பொருந்திவிடும். ஆகவே இந்த எண்ணைப் பார்த்தால் முகத்தை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள்: கீல், கொக்கி, ஊக்கு மூன்றையும் ஐயமில்லாத ஒரு போர்க்காலத் துண்டின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

எல்/ எண்கள் 1941-ல் வந்தவை, கடையில் காசு கொடுத்து வாங்கும் துண்டுகளுக்கானவை. அரசு வழங்கியவற்றுக்கு எல் இல்லாத வெறும் எண், சூவாலுக்கு 98. அதற்கு முன் செய்தவற்றில் எண்ணே இல்லாதது சகஜம். எண் பொறிக்கும் உளி இன்று யாருக்கும் கிடைக்கும், அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தராசுமுள்:
இவ்வளவு எதற்கு? தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தால் போச்சு. இரும்பு 7.9, போலிகளை வார்க்கும் துத்தநாகம் 7.1.

லென்ஸ்கண்ணன்:
இதற்கு வேண்டவே வேண்டாம். தகடுகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, கணக்கே பொய்க்கும். அசலாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: உள்ளே போன நீர் வெளியே வராமல் இரும்பு துருவேறி, கறுப்புப் பூச்சு கொப்புளித்து உரியும். திடமான துண்டுகளுக்கு, உதாரணமாகப் போரில் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்த, துத்தநாகத்தில் செய்த வெள்ளிநிறக் காயப் பதக்கத்துக்கு, அந்தச் சோதனை சரி.

பித்தளைப்பித்தன்:
ஸ்வஸ்திகாதான். பக்கக் கைகளில் காந்தம் அசையவே இல்லை. நான்கு உள்மூலைகளிலும் மூட்டு தெரியவில்லை. முன்பக்கம் உள்ள 1939 என்ற எண்ணில் கடைசி 9-ன் வளையத்துக்குள் ஊசிமுனை அளவில் இரண்டு குழி. சட்டத்தை ஒட்டி முன்பக்கம் முழுக்கச் செந்துரு இருக்கிறதே, அது பழமைக்கு அடையாளம் இல்லையா?

துருப்பிடித்தவன்:
இரும்பே இல்லாத தகட்டில் செந்துரு எங்கிருந்து வரும்? துத்தநாகம் வெள்ளைப் பொடியாகத்தான் பூக்கும். அது பூசிய நிறம். அந்தக் குழிகள் உருக்கி ஊற்றும்போது சிக்கிய காற்றுக்குமிழ், அச்சில் அடித்த தகட்டில் அப்படி வராது. அகலமும் இடிக்கிறது: அசல் சுமார் 44 மி.மீ. வரும், அதை வைத்து அச்செடுத்து ஊற்றினால் உலோகம் ஆறும்போது சுருங்கும்.

பித்தளைத் தகடு வைத்த அசல்களும் உண்டு, அவற்றில் காந்தம் ஒட்டாது. ஆனால் அவற்றிலும் மூட்டு இருக்கும். உங்களுடையதில் அதுவும் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.