மின்சார கார் சில வேளைகளில் ‘ரெடி’ நிலைக்கு வருவதில்லை: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி அருகே பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். 2022இல் வாங்கிய எங்கள் மின்சார கார் (30 கிலோவாட் மணி பேட்டரி, 41,000 கிலோமீட்டர் ஓடியது) மூன்று வாரங்களாக அவ்வப்போது கிளம்ப மறுக்கிறது. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் திரை ஒளிர்கிறது. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் பச்சை நிற ‘ரெடி’ விளக்கு மட்டும் வருவதில்லை. வழக்கமாக இருக்கைக்கு அடியிலிருந்து கேட்கும் காண்டாக்டரின் (பெரிய பேட்டரியை வண்டியுடன் இணைக்கும் மின்சுவிட்ச்) ‘டக்’ ஒலியும் அப்போது கேட்பதில்லை. ஐந்தாறு முறை முயன்றால் கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் வீட்டு முகப்புக்கு வெளியே நண்பகல் வெயிலில் நின்ற பிறகே இப்படி ஆகிறது. அப்பச்சியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறோம்.

முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகித்துப் புதிதாக மாற்றினோம். கிளம்பாத வேளையிலேயே அளந்தபோது 12.4 வோல்ட் இருந்தது. கிளம்பியதும் 14 வோல்ட்டுக்கு ஏறுவதால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்றே கருதுகிறேன். சாவியின் பேட்டரியை மாற்றினோம். எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கினோம். மதுரையிலுள்ள சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்திருந்து, பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பிரேக் விளக்கு ஒவ்வொரு முறையும் எரிகிறது. ஆயினும் பிரேக் சுவிட்சில் இரண்டாவது தொடர்பு ஒன்றும் இருக்கக்கூடும் என்பதால் அதை ஒதுக்க மனம் வரவில்லை. ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர்களை நாங்கள் தொடவில்லை.

வண்டி கிளம்பாத அந்த நேரத்தில், பழுது பிரேக் சுவிட்சிலா காண்டாக்டரிலா என்பதை எந்த அளவீட்டைக் கொண்டு பிரித்தறியலாம்?