கடை போர்டு நம்பரும் பேங்க் நம்பரும் ஒண்ணாவே இருக்கு, எப்படிப் பிரிக்கிறது?

நொய்யல்கரை:

திருப்பூர்ல ஆர்.ஓ. வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் கடைங்க. கவுன்ட்டர்ல ஒருத்தர், வெளியே போற டெக்னீஷியன் ரெண்டு பேர். மொத்தக் கடைக்கும் ஒரே ப்ரீபெய்டு நம்பர்தான், என் பேர்ல இருக்கு. போர்டு, பில் புக், கிட்டத்தட்ட 600 வீட்டு மெஷின் மேல ஒட்டின ஸ்டிக்கர் எல்லாத்துலயும் அதுதான். பேங்க், யுபிஐ, ஜிஎஸ்டி, ஆதார் எல்லாத்துக்கும் அதே நம்பர். சொந்தக்காரங்க குரூப்பும் கஸ்டமர் சாட்டும் ஒரே வாட்ஸ்அப்ல கலந்து கிடக்கு.

போனைக் கவுன்ட்டர்ல விட்டுட்டுப் போக முடியல, கையில வெச்சிருந்தா பாதி கால் எடுக்க முடியல. கடைக்குப் புது சிம் வாங்கறதா, ஃபைபரோட வர்ற லேண்ட்லைன் போடறதா, 1800 நம்பரா, இல்ல "ஒன்றை அழுத்தவும்"னு சொல்ற கிளவுட் நம்பரா? மாசச் செலவு குறைவா இருக்கணும். ஏற்கெனவே வெளியே போன நம்பர் வீணாகக் கூடாது.

சிக்னல்கம்பம்:

கடைக்குப் புது நம்பர் வாங்காதீங்க. உங்களுக்கு வாங்குங்க. 600 வீட்டுல ஒட்டியிருக்கிற நம்பர்தான் உங்க கடையோட சொத்து, அதைத் தொடவே கூடாது. இடம் மாற வேண்டியது பேங்க்கும் ஜிஎஸ்டியும்தான். அவங்களுக்கு ஒரு படிவம் போதும், ஸ்டிக்கரை மாத்த 600 வீடு ஏறணும்.

நீங்க சொன்ன மத்த வழிகள்:

1800 நம்பர்ல கூப்பிடறவருக்குக் காசு இல்ல, அந்த நிமிஷக் கணக்கு உங்க தலையில விழும். கஸ்டமர் எல்லாரும் அன்லிமிடெட் பேக் வெச்சிருக்கிற ஊர்ல இதனால அவருக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்ல.

ஃபைபர் லேண்ட்லைன் இரண்டாவது நம்பரா நல்லது. 0421ல ஆரம்பிக்கிற நம்பர் உள்ளூர்க் கடைன்னு ஒரு நம்பிக்கை தரும். ஆனா பழைய செம்புக் கம்பி லைன் மாதிரி எக்ஸ்சேஞ்ச்ல இருந்து கரண்ட் வராது. கரண்ட் போனா சுவத்துல இருக்கிற ஃபைபர் பெட்டி நிக்கும், போனும் ஊமையாயிடும். அந்தப் பெட்டியோட அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) அதுக்குப் பொருந்தற சின்ன யுபிஎஸ் ஒண்ணு மாட்டணும். இன்னொண்ணு, மொபைல் நம்பரை 2011 ஜனவரியில இருந்து நாடு முழுக்கக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாத்திக்க முடியுது, லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்ல. கம்பெனியை மாத்தினா நம்பர் போச்சு. அதனால போர்டுல முதல் நம்பரா அதை எழுத வேண்டாம்.

கிளவுட் நம்பர் நாலஞ்சு பேர் உட்கார்ந்து கால் எடுக்கிற இடத்துக்கு அருமையான சாமான். ஒருத்தர் இருக்கிற கவுன்ட்டருக்கு "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்"னு சொல்லி என்ன ஆகப்போகுது, ரெண்டும் அவருக்குத்தான் அடிக்கும். பின்னாடி எடுக்கறதா இருந்தா மூணு கேள்வியை எழுத்துல கேட்டு வாங்குங்க: நம்பர் யார் பேர்ல இருக்கும், வாடகை நின்னா எத்தனை நாள்ல பறிபோகும், டெக்னீஷியன் போன்ல கஸ்டமர் நம்பர் தெரியுமா இல்ல கம்பெனி நம்பர்தான் தெரியுமா. கடைசிக் கேள்வியை விட்டுட்டா, டெக்னீஷியன் திரும்பக் கூப்பிடறப்ப கால் யாருக்கோ போகும்.

ஆக, பழைய சிம் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன்ல கவுன்ட்டருக்கு. புது சிம் உங்க பாக்கெட்டுக்கு, பேங்க்குக்கும் வீட்டுக்கும் மட்டும். போர்டு நம்பரை இ-சிம்மா (போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற, கழட்ட முடியாத சிம்) மாத்தாதீங்க. கவுன்ட்டர் போன் கீழ விழுந்து உடைஞ்சா சிம்மை எடுத்து வேற போன்ல போட்டு ரெண்டு நிமிஷத்துல வேலையைத் தொடரலாம். பேக் 365 நாள் வேலிடிட்டியா போடுங்க, முடியற தேதியை போன் மேலயே ஒட்டிடுங்க.

கல்லாப்பெட்டி:

மேல சொன்னது சரி. ஆனா எதை முதல்ல மாத்தறதுங்கிற வரிசை தப்பினா நடுவுல மாட்டிக்குவீங்க.

புது சிம் கண்டிப்பா உங்க பேர்லயே இருக்கணும். முதல்ல பேங்க்குக்குப் போங்க. பழைய நம்பர், புது நம்பர் ரெண்டுக்கும் ஓடிபி அனுப்பற பேங்க் இருக்கு, அதனால ரெண்டு சிம்மும் கையோட இருக்கட்டும். கரன்ட் அக்கவுன்ட், சேவிங்ஸ், லோன் எல்லாம் ஒரே பேங்க்ல இருந்தாலும் எல்லாத்துலயும் நம்பர் மாறிடுச்சான்னு தனித்தனியா கேளுங்க.

அடுத்து யுபிஐ. ஆப்பைத் திறந்தா அது புது சிம்மில இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா அனுப்பித்தான் கணக்கைக் கட்டும். அதனால சிம் அதே போன்ல இருக்கணும், எஸ்எம்எஸ் அனுப்பப் பேலன்ஸும் இருக்கணும். மாத்தின முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல அனுப்ப விடாது. மெம்பிரேன், ஃபில்டர் சப்ளையருக்குப் பணம் அனுப்பற நாள்ல இந்த வேலையை வெச்சுக்காதீங்க. சுவத்துல இருக்கிற க்யூஆர் பழைய ஐடியோடது. மாத்தி முடிச்சதும் வேற போன்ல இருந்து ஒரு ரூபாய் அனுப்பி, உங்க கணக்குக்கு வருதான்னு பாருங்க. வரலைன்னா அன்னைக்கே புது க்யூஆர் ஒட்டிடுங்க.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல நம்பர் மாத்தறது அதிகாரி ஒப்புதலுக்குக் காத்திருக்காத சாதாரணத் திருத்தம்தான், உங்க ஆடிட்டர்கிட்ட சொன்னாப் போதும். ஆதாருக்கு சேவை மையம் போயிட்டு வந்துடுங்க.

நிறைய பேர் கோட்டை விடற இடம் இனிமேதான். பழைய சிம் போன்ல எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்து ஓடிபின்னு தேடுங்க. ஒரு வருஷத்து மெசேஜை உருட்டினா எந்தெந்த இடத்துல அந்த நம்பர் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பட்டியலே கிடைக்கும். ஃபாஸ்டேக், இன்சூரன்ஸ், பிஎஃப், கேஸ், மின்சாரக் கணக்கு, ஈமெயிலை மீட்கிற நம்பர். இதுல ஒண்ணு விட்டாலும் அந்த ஓடிபி கவுன்ட்டர் போன்ல, கடையில நிக்கிறவர் கண் முன்னாடி வந்து விழும். பட்டியல் முழுசா காலியான பிறகுதான் போனைக் கவுன்ட்டர்ல விடுங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். கவுன்ட்டர்ல ஒரு கால் பேசிட்டிருக்கறப்ப அடுத்த கால் வந்தா டெக்னீஷியனுக்குத் திருப்பி விட முடியுமா? ரெண்டு சிம்மையும் என் டூயல் சிம் போன்லயே போட்டா ஆகாதா?

சிக்னல்கம்பம்:

டூயல் சிம் வேண்டாங்க. பல போன்ல ஒரு சிம்ல பேசிட்டிருக்கறப்ப இன்னொரு சிம் நெட்வொர்க்கை விட்டு விலகிடும். கூப்பிடறவருக்குத் "தொடர்பு எல்லைக்கு வெளியே"ன்னு கேட்கும், உங்களுக்கு மிஸ்டு கால்கூடக் காட்டாது. எத்தனை கால் தவறுதுன்னே தெரியாமப் போயிடும்.

திருப்பி விடறதுக்குப் போன் ஆப்புக்குள்ள செட்டிங்ஸ்ல கால் ஃபார்வர்டிங் இருக்கும். அதுல நாலு வகை: எப்பவும், பிஸியா இருந்தா, எடுக்கலைன்னா, தொடர்பு கிடைக்கலைன்னா. "எப்பவும்" வேண்டாம். மத்த மூணுக்கும் டெக்னீஷியன் நம்பரைக் கொடுங்க. எடுக்கலைன்னா எத்தனை விநாடின்னு கேட்டா 20 வைங்க.

இதுல எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணு இருக்கு. கால் வெயிட்டிங் ஆன்ல இருந்தா நெட்வொர்க் கணக்குல நீங்க பிஸியே கிடையாது. ரெண்டாவது கால் காதுல "டொக் டொக்"னு தட்டிக்கிட்டே இருக்கும், 20 விநாடி கழிச்சுத்தான் திரும்பும். அதுக்குள்ள பாதிப் பேர் வெச்சிடுவாங்க. கவுன்ட்டர் போன்ல கால் வெயிட்டிங்கை ஆஃப் பண்ணினா நொடியில திரும்பிடும்.

திரும்பிப் போற கால் உங்க சிம்மில இருந்து போற அவுட்கோயிங் மாதிரிதான் கணக்கு. பேக் முடிஞ்சா ஃபார்வர்டும் நின்னுடும். டெக்னீஷியன் போன்ல இருந்து கவுன்ட்டருக்கே ஃபார்வர்டு போட்டுடாதீங்க, கால் சுத்திட்டு அறுந்துடும்.

யாராவது கூப்பிட்டு "லைனைச் சரி பண்றோம், இந்தக் கோடை அழுத்துங்க"ன்னு சொன்னா அழுத்தக் கூடாதுன்னு கவுன்ட்டர்ல இருக்கிறவர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. *401# வழியா காலைத் திருப்பி, போன்ல சொல்ற ஓடிபியைக் கேட்டு ஏமாத்தினது தாங்க முடியாமத்தான் 2024 ஏப்ரல் 15ல இருந்து அந்த வழியையே நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டுச்சு.

வேப்பமரத்தடி:

வாட்ஸ்அப் பத்தி யாரும் சொல்லலை, அதனால எழுதறேன். நீங்க இதுல தப்பு பண்ணினா பழைய சாட் மொத்தமும் இடம் மாறிடும்.

வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல "நம்பரை மாற்று"ன்னு ஒரு வழி இருக்கும். அதைத் தொடாதீங்க. அது உங்க கணக்கையே பழைய நம்பர்ல இருந்து பிரிச்சுப் புது நம்பருக்குக் கொண்டு போயிடும், கஸ்டமர் அனுப்பின லொகேஷனும் லீக் போட்டோவும் பாக்கெட் போனோட போயிடும். தலைகீழா செய்யணும். பழைய நம்பர் இருக்கிற அதே போன்ல வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போட்டு, அதே நம்பரைக் கொடுங்க. சாட் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். வந்ததைப் பார்த்து பேக்கப் எடுத்த பிறகுதான் கவுன்ட்டர் போனுக்கு மாத்தணும். புது நம்பர்ல சாதாரண வாட்ஸ்அப்பைத் தொடங்கி, சொந்தக்காரங்க குரூப்ல புது நம்பரைச் சேர்த்து அட்மினும் ஆக்கிட்டு, அப்புறம் பழைய நம்பரோட வெளியே வாங்க. ஒரே நம்பர்ல சாதாரண ஆப், பிசினஸ் ஆப் ரெண்டும் ஓடாது.

முக்கியப் போன் தவிர இன்னும் நாலு கருவியில அதே கணக்கைத் திறக்கலாம். கம்ப்யூட்டர்ல ஒண்ணு, டெக்னீஷியன் போன்ல ரெண்டு போதும். வேலையை விட்டுப் போறவரை அன்னைக்கே கவுன்ட்டர் போன்ல இருந்து வெளியேத்திடலாம். முக்கியப் போன்ல 14 நாள் ஆப்பைத் திறக்காம விட்டா மத்ததெல்லாம் தானா வெளியேறிடும். ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்புப் பின்னைப் போட்டு, மீட்கறதுக்கு ஈமெயிலும் கொடுத்துடுங்க. பின்னைக் கடைப் பசங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.

ஃபில்டர் மாத்தற தேதி வந்துச்சுன்னு 600 பேருக்கும் கடை சிம்மில இருந்து எஸ்எம்எஸ் அனுப்பற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. பத்து இலக்க நம்பர்ல இருந்து விளம்பரம் அனுப்பினா, வாங்கினவங்க 1909ல புகார் கொடுக்கலாம். புகார் சேர்ந்தா நம்பரே முடங்கும், நீங்க காப்பாத்த நினைக்கிற அதே நம்பர். எஸ்எம்எஸ்தான் வேணும்னா டிஎல்டியில (வியாபார எஸ்எம்எஸ் அனுப்பறவங்க பதியற தளம்) பதிஞ்சு கடைப் பேர்ல ஹெட்டர் (நம்பருக்குப் பதிலா அனுப்பினவர் பேரா காட்டறது) வாங்கணும், வாசகத்தையும் முன்கூட்டியே பதியணும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பரை சேவ் பண்ணினவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால டெக்னீஷியன் மெஷினைக் கழுவி முடிச்சுட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்டுக்காரம்மா போன்ல நம்பரை சேவ் பண்ண வெச்சுட்டே வரணும். பில் போடற மாதிரி இதையும் வேலையில ஒரு படியா வெச்சுக்கோங்க.

நொய்யல்கரை:

வாட்ஸ்அப் விஷயம் நல்ல நேரத்துல சொன்னீங்க, "நம்பரை மாற்று"தான் அழுத்தப் போறேன்னு இருந்தேன். கடைசியா ஒண்ணு, கடைக்குள்ள இப்ப இருக்கிற நெட்வொர்க்ல சிக்னல் கம்மி. பழைய நம்பரை வேற கம்பெனிக்கு மாத்திட்டு இதெல்லாம் பண்ணட்டுமா?

கல்லாப்பெட்டி:

பேங்க்கை முதல்ல முடிங்க, போர்ட் (அதே நம்பரோட கம்பெனி மாறறது) கடைசியா. மாறுற சமயத்துல கொஞ்ச நேரம் சிம் செத்துக் கிடக்கும், அப்ப ஓடிபி வந்தா போச்சு. அந்த நேரத்துக்கு "தொடர்பு கிடைக்கலைன்னா" ஃபார்வர்டும் நம்பிக்கையில்ல, பழைய கம்பெனியோடயே போயிடும். மாறினதும் மூணு ஃபார்வர்டையும் புதுசா போடணும்.

போர்ட்னு ஆங்கிலத்துல தட்டி, ஒரு இடைவெளி விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்புங்க. எட்டு எழுத்துக் கோடு வரும். தமிழ்நாட்டுல அதுக்கு ஆயுசு நாலு நாள். அதுக்குள்ள புதுக் கம்பெனிக் கடையில கொடுத்துட்டா, ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ள மூணு வேலை நாள்ல மாறிடும். சிம் பழசாயிடுச்சுன்னு இடையில டூப்ளிகேட் வாங்கிடாதீங்க. 2024 ஜூலை 1ல இருந்து சிம் மாத்தின ஏழு நாளைக்கு அந்தக் கோடு கிடைக்காது.

புதுக் கம்பெனியோட வேற சிம் ஒண்ணை யார்கிட்டயாவது இரவல் வாங்கி, ஒரு நாள் முழுக்கக் கவுன்ட்டர்ல, அதே மூலையில, ஷட்டரைப் பாதி இறக்கியும் பேசிப் பாருங்க. ரோட்டுல நாலு கோடு காட்டற சிக்னல் தகரக் கூரைக்குள்ள வராம போகலாம். கடையில ஃபைபர் இருந்தா வைஃபை காலிங்கை (டவருக்குப் பதிலா வைஃபை வழியா கால் போறது) ஆன் பண்ணினாலே வேலை முடிஞ்சிடலாம், அதையும் போர்ட் போடறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.