பதில்: 'வெப்பக்கொள்' சொல்லில் ஒரு சிக்கல்

வணக்கம் நண்பர்களே,

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நேற்று ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கை யூரியாவைக் கொட்டிக் கலக்கி, பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். குவளை சில்லென்று ஆகிவிட்டது. "வெப்பக்கொள்" (சுற்றிலுமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வது) என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு பெண் கேட்டாள்: "வெப்பம் கொண்டா சூடாத்தானே சார் இருக்கணும்?"

நியாயமான கேள்வி. யூரியா கரையும்போது மோலுக்கு (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) சுமார் 15 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பறிகொடுத்த தண்ணீர்தான் குளிர்கிறது. எதிர்ப்பக்கமான 'வெப்ப உமிழ்' (வெப்பத்தை வெளிவிடுவது) என்பதில் இந்தத் தொல்லையே இல்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதித்து ஆவி பறப்பதைப் பார்த்தவர்கள் (மோலுக்கு 65 கிலோஜூல் அளவுக்கு வெளிவருகிறது, கை வைத்துவிடாதீர்கள்) உமிழ்கிறது என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

'வெப்பமுறிஞ்சு' என்று எழுதிப் பார்த்தேன். "வெப்பம் முறிஞ்சு போச்சு" என்று கடைசி பெஞ்சில் சிரிப்பு. 'வெப்பங்கவர்' எப்படி இருக்கும்?

>> 'வெப்பங்கவர்' எப்படி இருக்கும்?

ஐயா, இன்றைக்குக் கவர் என்றால் பிளாஸ்டிக் பை! வேதிவினைகளுக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது: உமிழ்வது புறவெப்பத் தாக்கம், கொள்வது அகவெப்பத் தாக்கம். உங்கள் 'வினை'தான் எங்கள் 'தாக்கம்'. ஆனால் அந்தப் பிள்ளை இங்கேயும் மடக்கிவிடுவாள்: அகத்தில் வெப்பம் இருந்தால் குவளை ஏன் குளிருது?

>> உங்கள் 'வினை'தான் எங்கள் 'தாக்கம்'.

நடுவில் நுழைகிறேன். 'கொள்' மேல் பழி போட வேண்டாம். "அந்தக் குடும்பத்தோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெண் எடுப்பது கொள்வினை, கொடுப்பது கொடுப்பினை. கொள்முதலும் அந்தக் கொள்தான். இன்னொரு இடத்திலிருந்து வாங்குவது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கொண்டிருப்பது' என்று நாம்தான் படிக்கிறோம். இதே கணக்கில் உமிழ்வினையைக் 'கொடுவினை' ஆக்கிவிடாதீர்கள், பொருள் விபரீதமாகிவிடும்.

என் குறை வேறு. வேதிவினை என்றால் புதுப்பொருள் உண்டாக வேண்டும்; யூரியா கரைவதில் அப்படி எதுவும் உண்டாவதில்லை. அதை வினை என்று எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா?

>> மதிப்பெண் போடுவீர்களா?

போட மாட்டேன், ஆனால் பிள்ளைகள் 'வெப்பக்கொள் வினை' என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்து வருகிறார்கள். கொள்வினை கொடுப்பினை எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. சரி, 'கொள்' இருக்கட்டும். வினையை மட்டும் கழற்றி, கரைவதற்கு 'வெப்பக்கொள் கரைதல்', உருகுவதற்கு 'வெப்பக்கொள் உருகல்' என்று எழுதுகிறேன். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா போட்டால் நுரைத்துக் குளிர்வதற்கு மட்டும் வெப்பக்கொள் வினை; அது அசல் வினை.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கேட்கப் போகிறேன்: கொண்டது யார், யாரிடமிருந்து?