ராத்திரி அடிக்கும் கேஸ் வாடை: காற்று மாதிரியை நாமே பிடித்து லேபுக்கு அனுப்பலாமா?

எர்ணாவூர்க்காரன்:
வடசென்னை எர்ணாவூர்ல, ஆலைகள் இருக்கிற மணலி பக்கமிருந்து ராத்திரி 11 மணிக்கு மேல வாடை வருது. ஒரு நாள் அழுகின முட்டை, இன்னொரு நாள் சிலிண்டர் லீக் ஆன மாதிரி. புகார் சொல்லி ஆள் வர்றதுக்குள்ள போயிடுது. பக்கெட்டும் பையும் வச்சு காத்து பிடிக்கலாம்னு கேள்வி. என்னென்ன வேணும்? ஆன்லைன்ல விக்கிற காத்து மீட்டர் போதாதா?

மேல்காத்து:
மீட்டர் போதாது. அது லேசர் ஒளியில தூசித் துகளை எண்ணுற கருவி, வாயு அதுக்குத் தெரியாது. ஈரப்பதம் 80% தாண்டினா துகள் தண்ணி குடிச்சு ஊதி, பிஎம் 2.5 (நுண்ணிய தூசி அளவு) சும்மாவே ஏறும். கடலோரத்துல விடியக்காலை முக்கால்வாசி நாள் இதே கதை. சில மாடல்ல வாயுவுக்குன்னு ஒரு எண் காட்டும், அது சாம்பிராணிக்கும் ஏறும், தரை துடைக்கிற பினாயிலுக்கும் ஏறும்.

பக்கெட்டுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க. தேதி, வாடை தொடங்கின மணி, விட்ட மணி, எந்தத் தெரு, என்ன மாதிரி நெடி, காத்து எந்தத் திசையிலிருந்து. திசைக்கு மொட்டைமாடிக் கம்புல ஒரு நீள ரிப்பன் கட்டினா போதும். ஊதுபத்திப் புகையை வச்சுப் பார்க்காதீங்க, அதுவே மாதிரியில ஏறிடும். இன்னொன்னு, நோட்டுல ‘வாடை’ன்னு மட்டும் எழுதினா நாத்தமா வடக்குக் காத்தான்னு பின்னாடி குழப்பம் வரும். ‘வடக்குக் காத்து’ன்னே எழுதுங்க.

மணலி உங்களுக்கு மேற்கு. பகல்ல கடல்காத்து நாத்தத்தை அந்தப் பக்கம் தள்ளும். ராத்திரி தரைக்காத்து உங்க பக்கம் திரும்பும். போதாததுக்கு, தரையை ஒட்டின குளிர்ந்த காத்து மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி உட்காரும், கலைஞ்சு போக வழியில்ல. ரிப்பன் கிழக்குலேருந்து ஆடும்போதும் நாத்தம் வந்தா, மணலியை விட்டுட்டு வேற இடத்தைத் தேடணும்.

லேப்_மேசை:
பக்கெட் முறை எளிது. இறுக்கமா மூடி போடுற 20 லிட்டர் பக்கெட். உள்ளே 5 முதல் 8 லிட்டர் டெட்லார் பை (காத்து மாதிரி பிடிக்கிற பிளாஸ்டிக் பை). மூடியில ரெண்டு துளை. ஒண்ணு பையோட வாயிலிருந்து வெளியே வர்ற எஃகு அல்லது டெஃப்லான் குழாய், வால்வோட. இன்னொண்ணுல சின்ன வேக்யூம் பம்ப். பம்ப் பைக்குள்ள காத்து அடிக்கிறதில்ல. பக்கெட்டுக்கும் பைக்கும் நடுவுல இருக்கிற காத்தை உறிஞ்சும், பை தானா ஊதி வெளிக்காத்தை இழுக்கும். அதனால பம்ப்போட எண்ணெயும் தூசியும் மாதிரியில சேராது.

கெடுறது பெரும்பாலும் இணைப்புலதான். பிவிசி குழாயும் அதுக்குப் போடுற சொல்யூஷனும் வேணாம், அந்தக் கரைப்பான் அப்படியே ரிப்போர்ட்ல வரும். மூடி கசிஞ்சா பை ஊதாது, உடனே தெரிஞ்சுடும். பையோட வாய் இணைப்பு கசிஞ்சா பக்கெட் பிளாஸ்டிக் வாசனையைத்தான் லேபுக்கு அனுப்புவீங்க, தெரியவே தெரியாது.

நாத்தம் உச்சத்துல இருக்கும்போது வால்வைத் திறந்து 2, 3 நிமிஷம். முக்கால் பை போதும், முழுசா ஊதினா வெயில் வெப்பத்துல விரிஞ்சு தையல் விடும். முதல்ல வால்வை மூடுங்க, அப்புறம் பம்ப்பை நிறுத்துங்க. மாத்திச் செஞ்சா பிடிச்ச காத்து வந்த வழியே வெளியே போயிடும். பையைக் கறுப்புத் துணியில சுத்துங்க. ஐஸ் வேணாம், உள்ளே நீர் கோத்து சில வாயு அதுல கரைஞ்சுடும்.

கந்தக வாயுக்களுக்கு 24 மணி நேரம், பென்சீன் வகைகளுக்கு 72 மணி நேரம்தான் கெடு, அதுக்குள்ள லேப் சோதிச்சாகணும். சனிக்கிழமை ராத்திரி எடுத்தா ஞாயிறு யார் வாங்குவாங்கன்னு முன்கூட்டியே லேபைக் கேட்டு வைங்க. கந்தகத்துக்குத் தனிச் சோதனை. வெறும் ‘விஓசி’ (பென்சீன் மாதிரி ஆவியாகுற கரிமச் சேர்மங்கள்)ன்னு கேட்டா முட்டை நாத்தம் ரிப்போர்ட்ல வராது. ஒப்பிட்டுப் பார்க்க, நாத்தமில்லாத நாள்ல அதே இடத்துல ஒரு பை எடுத்தே ஆகணும். புதுப் பையே பீனால், டைமெத்தில் அசிட்டமைடுன்னு ரெண்டு ரசாயனத்தை விடும். அந்த ரெண்டையும் ஆலைக் கணக்குல எழுதிடாதீங்க.

முகத்துவாரம்:
ஒண்ணு சேர்த்துக்கங்க: அமோனியாவுக்கு இந்தப் பை சரிவராது, ஈரத்துலயும் பையோட சுவர்லயும் ஒட்டிக்கும். அதுக்குக் கைப்பம்ப்போட நிறம் மாறுற கண்ணாடிக் குழாய்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா வர்ற கடலடிக் குழாய் கசிஞ்ச மாதிரி கண் எரிஞ்சா, மாதிரி எடுக்க நிக்கவே கூடாது. திரவமா வர்ற அமோனியா சுமார் மைனஸ் 33 டிகிரி. காத்தைவிட லேசான வாயுன்னாலும், குளிர்ந்த மேகமா வெளியே வரும்போது தரையோட தவழும். காத்து அடிக்கிற திசைக்குக் குறுக்கே போங்க, மூக்குல ஈரத்துணி. முட்டை நாத்தம் திடீர்னு நின்னா விட்டுதுன்னு நம்பாதீங்க. அந்த நாத்தம் தர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) பக்கம் போனா மூக்கே மரத்துப்போகும்.

எர்ணாவூர்க்காரன்:
பென்சீன் வந்துதுன்னா எந்த வரம்போட ஒப்பிடறது?

லேப்_மேசை:
1 பிபிபி (நூறு கோடியில ஒரு பங்கு) பென்சீன்னா கன மீட்டருக்குச் சுமார் 3.2 மைக்ரோகிராம். இந்திய வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், அது ஆண்டு சராசரி. 3 நிமிஷ மாதிரியை அதோட நேரா வைக்க முடியாது. என்ன இருக்குன்னு சொல்லும், வருஷம் முழுக்க எவ்வளவுன்னு சொல்லாது.

மேல்காத்து:
கோர்ட்டுக்கும் இது நேரடியா ஆகாது. புகைபோக்கி மாதிரியை 1981 காற்றுச் சட்டம் 26-ஆம் பிரிவு சொல்ற முறையில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம்தான் எடுக்கணும். ஆனா உங்க நோட்டுல இருக்கிற தேதியையும் மணியையும் போட்டு, அந்த நேரத்துக்கு ஆலைப் புகைபோக்கியில தொடர்ந்து பதிவான அளவீட்டை ஆர்டிஐ-ல (தகவல் உரிமைச் சட்டம்) கேளுங்க. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மணலி கண்காணிப்பு நிலையத்தோட 15 நிமிஷ அளவுகளையும் மத்திய வாரியத் தளத்திலிருந்து அன்னைக்கே இறக்கி வைங்க. ஆர்டிஐ-ல ‘கடந்த மூணு மாசம்’னு பொத்தாம்பொதுவா கேட்டா சராசரி ஒண்ணைக் கையில கொடுத்துடுவாங்க.