"மீள்தன்மை" வேண்டாம், "நீங்குதன்மை" ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உடைந்த பழைய மண்கலன்களை ஒட்டுவோர், ஒட்டிய பசையைப் பின்னர் கலனுக்குக் கேடின்றி நீக்க இயலும் பண்பை "ரிவர்சிபிள்" என்பர். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம்மிடையே முன்மொழியப்பட்ட "மீள்தன்மை" என்னும் சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். இழுத்து விட்ட பொருள் தன் பழைய வடிவுக்குத் திரும்புவதைக் குறிக்க இயற்பியலில் அது வழங்கிவருகிறது; வேதியியலிலோ "மீள்வினை" இருக்கிறது. இங்கு எதுவும் மீள்வதில்லை. பசை நீங்குகிறது, ஓடுகள் (கலனின் உடைந்த துண்டுகள்) ஒட்டுவதற்கு முன்பிருந்தபடியே நிற்கின்றன. ஆகவே "நீங்குதன்மை" என்பதை முன்வைக்கிறேன். "நீங்குபசை", "நீங்காப் பசை" என்று எளிதாகத் தொகைகளும் அமையும்.

புளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்திலுள்ள பிரான்சுவா கலன் நினைவுக்கு வருகிறது. கி.மு. 570 வாக்கில் ஏதென்சில் வனையப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கியூசி அருகே துண்டுகளாகக் கிடைத்துப் பொருத்தப்பட்ட அது, 1900-இல் காவலர் ஒருவர் வீசிய முக்காலியால் 638 துண்டுகளாகச் சிதறியது. மீண்டும் ஒட்டினார்கள், 1973-இல் மறுபடியும் சீரமைத்தார்கள். தனக்குப் பின்னும் ஒரு கை இக்கலனைத் தொடும் என்று எண்ணித்தான் ஒட்டுவோர் ஒவ்வொருவரும் பசையைத் தேர வேண்டும்.

இன்று பலர் விரும்பும் பாரலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசின், காய்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அசிட்டோனில் கரையும்; எபாக்சி என்னும் வலுவான பசை அப்படிக் கரையாது, நாளடைவில் மஞ்சளிக்கவும் செய்யும். பசை சுட்ட மண்ணைவிட வலுக்குறைந்ததாக இருப்பதும் நல்லது, ஏனெனில் மறுமுறை விழுந்தால் இணைப்பு பிரியுமே தவிரப் புதிய உடைவு தோன்றாது. பி-72 சுமார் 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்குவதால், நம் ஊர்க் கோடையில் குளிரூட்டாத அறையில் வைக்கும் கலனுக்கு அதைத் தேர்வதில் எச்சரிக்கை தேவை.

"நீங்குபசை" என்றால் ஒட்டாத பசை என்று பொருள்படாதா என நீங்கள் கேட்கலாம். தானே விழுவதற்கு "உதிர்தல்" என்னும் சொல் இருக்கிறது. நீக்க நீங்குவதை மட்டும் இச்சொல்லுக்கு வரையறுத்துக்கொள்ளலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. நொறுங்கும் ஓட்டுக்கு வலுவூட்ட அதே பிசினை நீர்க்கக் கரைத்து ஊறவிட்டால், நுண்துளைகளுக்குள் புகுந்ததை முழுவதும் வெளியே எடுக்க இயலாது. ஆகையால் நீங்குதன்மையைப் பிசினின் பண்பாகக் கொள்ளாமல், குறிப்பிட்ட ஓட்டில் அது குறிப்பிட்ட வகையில் பயன்பட்ட நிலையின் பண்பாகவே வரையறுக்க வேண்டும். நீக்க முடியாவிட்டாலும் அடுத்த சீரமைப்புக்குத் தடையாகாத நிலைக்கு "மறுசீர்வாய்ப்பு" எனத் தனிச்சொல் வேண்டும் என்பது என் கருத்து.

பழம்பொருளில் இன்றியமையாத அளவுக்கு மட்டுமே கைவைப்பதைக் குறிக்க முன்மொழியப்பட்ட "சிறுமத் தலையீடு" என்னும் சொல் எனக்கு உடன்பாடே.