அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வந்த படுக்கைப்புண்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்குமா?

கொடைரோடு:
அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு. வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்து மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அது நல்லபடி முடிந்தது. ஆனால் 19 நாள் கழித்து டிஸ்சார்ஜ் ஆகும்போது முதுகின் அடியில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண். அன்றைக்கே வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 5 மாதம் ஆகிறது, இன்னும் டிரெஸ்ஸிங் நடக்கிறது. முதல் ஆஸ்பத்திரி பில் 3.4 லட்சம், 2 லட்சம் இன்சூரன்ஸ், மீதி நான் கட்டினேன். கேட்டால் "வயசானவங்க, சுகர் வேற, வரத்தான் செய்யும்" என்கிறார்கள். நாங்கள் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். மதுரையில்தான் வழக்குப் போட வேண்டுமா? இன்சூரன்ஸ் கட்டியதால் உரிமை போய்விடுமா? நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

வாய்தா:
நோட்டீஸை நிறுத்தி வையுங்கள். முதலில் கேஸ் ஷீட், அதாவது ஆஸ்பத்திரி எழுதி வைத்த முழு சிகிச்சைப் பதிவு. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால், கைக்கு வரும் கேஸ் ஷீட் வேறு மாதிரி இருக்க வாய்ப்பு உண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு அம்மா கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொடுங்கள். கை நடுங்கினால் இடது பெருவிரல் ரேகையும் ஒரு சாட்சிக் கையெழுத்தும். நர்ஸ் குறிப்புகள், மருந்துச் சார்ட், அட்மிஷன் அன்று நர்ஸ் எழுதிய பரிசோதனைத் தாள், ஒப்புதல் படிவம், எக்ஸ்ரே சிடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கொடுக்காமல் இழுத்தடிப்பதும் பிறகு உங்கள் பக்கம் ஒரு வாதம்தான். மூன்று வருடத்துக்கு மேல் அவர்கள் ரெக்கார்டைப் பாதுகாக்க விதி கட்டாயப்படுத்தவில்லை, அதனால் ஆறப்போடாதீர்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல் போதும். இன்சூரன்ஸ் கட்டியது தடையே இல்லை. 1995-இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. (எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் இந்தச் சட்டம் வராது.) எந்த ஆணையம் என்பது கேட்கும் நஷ்ட ஈட்டைப் பொறுத்ததல்ல, கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணமும் இல்லை.

காலக்கெடு 2 வருடம். நோட்டீஸ் அனுப்பினேன், பதில் வரவில்லை, பேச்சுவார்த்தை நடந்தது என்றெல்லாம் சொன்னால் கெடு நீளாது. டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு அதற்கு மூன்று மாதம் முன்பே தாக்கல் செய்வது நல்லது.

யார் பெயரில் என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மகன் பெயரில் மட்டும் போட்டால், சிகிச்சை பெற்றவர் எங்கே என்று எதிர்த்தரப்பு முதல் ஆட்சேபணையை அங்கேதான் வைக்கும். அம்மா முதல் புகார்தாரர், பணம் கட்டிய நீங்கள் இரண்டாவது. பணம் கட்டியவர், சிகிச்சை பெற்றவர் இருவருமே நுகர்வோர்தான். 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் வந்த தீர்ப்பு அது. வழக்கு நடக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆனாலும் வாரிசுகள் தொடரலாம்.

நைட்டிங்கேல்:
சட்டம் அவர் சொன்னபடி. பேப்பரில் எதைத் தேடுவது என்று நான் சொல்கிறேன்.

புண் வந்தது என்பதே தவறு ஆகாது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர், ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் இருந்தவர், இவர்களுக்கு எவ்வளவு பார்த்தாலும் சில சமயம் வரும். எதிர்த்தரப்பு டாக்டர் இதைத்தான் சொல்வார், அதில் உண்மையும் உண்டு. ஆகவே "ஏன் வந்தது" என்று கேட்டால் வழுக்கிவிடும். "வரக்கூடியவர் என்று தெரிந்தும் என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். சர்க்கரையும் வயதும் சாக்கு அல்ல, கூடுதல் கவனத்துக்கான காரணம்.

பார்க்க வேண்டியவை: அட்மிஷன் அன்று பிரேடன் ஸ்கோர் (படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் மதிப்பெண்) போட்டார்களா? மொத்தம் 23, 18 அல்லது அதற்குக் கீழே வந்தாலே புண் வரும் அபாயம் உள்ளவர் என்று பொருள். அட்மிஷன் தாளில் தோல் நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தால் அது உங்கள் முதல் ஆதாரம், ஏனென்றால் "வீட்டிலிருந்தே புண்ணோடு வந்தார்" என்ற பதில் நிச்சயம் வரும். அடுத்து, புரட்டிப் படுக்க வைத்த சார்ட். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது வழக்கம், அதாவது நாளைக்கு 12 பதிவு. ஏர் பெட் எந்தத் தேதியில் பில்லில் ஏறியிருக்கிறது? புண்ணைப் பார்த்த பிறகுதான் ஏறியிருந்தால் அந்த ஒரு வரி நிறையப் பேசும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு முதல் நிலை. அதைக் குறிக்காமல் நேரே பெரிய புண் என்று குறிப்பு தொடங்கினால், இடையில் யாரும் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட வலுவானது இரண்டாவது ஆஸ்பத்திரியின் அட்மிஷன் குறிப்பு. புண் எத்தனை சென்டிமீட்டர், எந்த நிலை, எலும்பு தெரிகிறதா என்று அங்கே அன்றைக்கே எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு இதில் லாபமும் இல்லை, பகையும் இல்லை.

கொடைரோடு:
இருவருக்கும் நன்றி. கேஸ் ஷீட் வாங்கிவிட்டேன், 142 பக்கம். புரட்டிய சார்ட் 19 நாளும் நிரம்பியிருக்கிறது, ஆனால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து மாதிரி தெரிகிறது. போலீஸில் புகார் கொடுக்கலாமா? 1 கோடி கேட்கலாம் என்கிறார் ஒருவர்.

நைட்டிங்கேல்:
மூன்று ஷிப்ட், ஒரே கையெழுத்து, அதுவும் 19 நாள்! அந்த நாட்களின் டூட்டி ரோஸ்டரைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். அம்மாவை எக்ஸ்ரேவுக்கோ ஆபரேஷன் தியேட்டருக்கோ கொண்டுபோன நேரத்தில் "இடப்பக்கம் புரட்டப்பட்டது" என்று பதிவு இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பின்னால் உட்கார்ந்து நிரப்பிய சார்ட் அங்கேதான் மாட்டும்.

வாய்தா:
போலீஸ் வேண்டாம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி குற்றவழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் முன்கூட்டியே வேண்டும். உங்கள் விஷயம் அந்த அளவைத் தொடாது. மெடிக்கல் கவுன்சில் டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கும், நஷ்ட ஈடு வாங்கித் தராது. இங்கே தவறு பெரும்பாலும் நர்சிங் பக்கம், ஆகவே ஆஸ்பத்திரிதான் முதல் எதிர்மனுதாரர். ஊழியர் தவறுக்கு அதுவே பொறுப்பு.

நிபுணர் கருத்துக்கு உள்ளூர் டாக்டர்களிடம் அலையாதீர்கள், யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் யாராவது வெளியூரில் கிடைத்தால் பிரமாணப் பத்திரமாக வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் வழக்கு விழுந்துவிடாது: எல்லா வழக்குக்கும் நிபுணர் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு. ஆனாலும் கருத்து ஒன்று இருப்பது பலம்.

போனில் எடுத்த புண் படங்கள் இருந்தால் போனை மாற்றாதீர்கள். அசல் அதில் இருக்கட்டும். பிரிண்டோடு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும்.

பேரேடு:
தொகை பற்றி மட்டும். 1 கோடி கேட்டாலும் கட்டணம் ஏறாது என்பதால் பலரும் கேட்கிறார்கள், ஆனால் மனுவைப் படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே நம்பிக்கை போய்விடும். 76 வயதில் வருமான இழப்பு என்று பெரிதாக வராது. விபத்து வழக்குகளில் 65-க்கு மேற்பட்டவருக்கு, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண் 5-தான். உங்கள் பலம் செலவுக் கணக்கு: இரண்டாவது ஆஸ்பத்திரி பில், டிரெஸ்ஸிங் சாமான், ஏர் பெட், ஆம்புலன்ஸ், வீட்டுக்கு வரும் அட்டெண்டர் சம்பளம். அட்டெண்டருக்குப் பணமாகக் கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் அடுத்த மாதத்திலிருந்து வங்கி வழியே கொடுங்கள். இனி எத்தனை மாதம் பராமரிப்பு தேவை என்று இப்போது பார்க்கும் டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கினால் வருங்காலச் செலவையும் சேர்க்கலாம். வலி, வேதனைக்குத் தனித்தொகை. முதல் ஆஸ்பத்திரியின் 3.4 லட்சத்தை முழுதாகத் திருப்பிக் கேட்காதீர்கள். ஆபரேஷன் சரியாகத்தானே நடந்தது, அந்தப் பணத்தைக் கேட்டால் மற்ற கணக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.