புதுப்பிப்பு: கிளவுடுக்குப் போன எங்கள் தரவுத்தள உரிமம்

சுங்கை சிப்புட் செம்பனை ஆலையின் கணக்குகளை அமேசான் கிளவுடுக்கு மாற்றினால், கையிலுள்ள எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருள்) உரிமம் அங்கே செல்லுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். செல்லும், ஆனால் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (உரிமத்தோடு வாங்கும் மைக்ரோசாஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம்) நடப்பில் இருக்க வேண்டும். பழுப்பேறிய கோப்பைப் புரட்டினால், எங்களுடையது முடிய 19 நாள்தான் இருந்தது! அன்றே புதுப்பித்தோம். நிறுவிய 10 நாளுக்குள் மைக்ரோசாஃப்டுக்குச் சரிபார்ப்புப் படிவமும் அனுப்ப வேண்டும்.

உண்மையில் பணத்தைத் தின்றது வேறு. மெய்நிகர் இயந்திரம் (கிளவுடில் மென்பொருளால் உருவாக்கிய கணினி) எவ்வளவு சிறியதானாலும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 கோர் (செயலிக் கரு) உரிமம் கணக்கு. இரண்டிரண்டு விசிபியு (மெய்நிகர் செயலி) கொண்ட எங்கள் மூன்று இயந்திரங்களுக்கு 12 உரிமம்! எடைமேடை, சம்பளம், கிடங்கு மூன்றையும் 4 விசிபியு இயந்திரம் ஒன்றில் சேர்த்துவிட்டோம். இப்போது 4 போதும். தனித்தனியே எண்ணிப் பார்க்கச் சொன்ன தைப்பிங் அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.